பித்தநீரின் மேல் விழுந்த பழி

கோழிக்கடையில் சுத்தம் செய்பவர் ஈரலைக் கையில் எடுத்ததும் கொஞ்சம் நிதானிப்பார். ஈரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கரும்பச்சைப் பையைக் கத்தி நுனி படாமல் எடுத்து எறிய வேண்டும். அது உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும். கழுவினாலும் லேசில் போகாது. மீன் ஆய்பவர்களுக்கும் இந்தப் பையிடம் பயம் உண்டு. உள்ளே இருப்பது பித்தநீர். நம் எல்லோர் வயிற்றிலும், வலது விலாவுக்குக் கீழே, இதே போன்ற பை ஒன்று இருக்கிறது.

பித்தநீருக்கு ஆங்கிலத்தில் 'பைல்' என்று பெயர். அதிலிருந்து பிறந்த பெயரடை 'பிலியஸ்'. லத்தீனில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. வந்தபோது உடலைப் பற்றிய சொல்லாக இருந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே மனிதனின் குணத்தையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. இன்று ஒரு விமர்சகரின் கட்டுரையை 'பிலியஸ்' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், அவர் கோபமாக எழுதியிருக்கிறார் என்று மட்டும் அர்த்தமில்லை. கோபம் வரும், போகும். இது போகாத சமாச்சாரம். ஆறிப்போன பழைய மனக்கசப்பு எரிச்சலாகக் கசிந்துகொண்டே இருப்பது. எதைப் பார்த்தாலும் குறை, யார் பேசினாலும் முகச்சுளிப்பு. நம் 'சிடுசிடுப்பு' இதற்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் அதில் கசப்பு போதாது. பெரும்பாலும் ஒருவரின் எழுத்தையோ பேச்சையோ மனநிலையையோ சொல்லத்தான் இந்தப் பெயரடையைப் பயன்படுத்துகிறார்கள். கொஞ்சம் கேலியும் அதில் உண்டு. குமட்டிக்கொண்டு வரும் வயிற்றையும் அப்படிச் சொல்வார்கள். பார்த்தாலே குமட்டும் மஞ்சள் கலந்த பச்சைச் சுவரையும் அப்படியே சொல்வார்கள்.

எண்ணெய்ப் பலகாரத்தைச் செரிக்க உதவும் ஒரு நீர் எப்படி ஒருவரின் சுபாவத்துக்குப் பெயரானது? பித்தநீர் உண்மையிலேயே ஆளைச் சிடுமூஞ்சியாக்குமா? இதற்குப் பதில் தேட மருத்துவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. நடுவில் சிலருக்குப் பாதரசம் கொடுத்துக் கெடுத்தும் வைத்தார்கள்.

முதலில் பித்தநீர் செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். அதைத் தயாரிப்பது கல்லீரல். பித்தப்பை வெறும் கிடங்குதான். கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல், சிலரிடம் ஒரு லிட்டர் வரைகூடச் சுரக்கிறது. பித்தப்பையின் கொள்ளளவோ 30 முதல் 50 மில்லிலிட்டர். வந்து சேரும் நீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிட்டுச் சாரத்தை மட்டும் அது அடைத்து வைத்துக்கொள்ளும். கொழுப்பு கலந்த உணவு முன்சிறுகுடலை எட்டியதும் குடல்சுவர் ஒரு ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. 1928இல் கண்டுபிடிக்கப்பட்ட அதன் பெயர் கொலிசிஸ்டோகைனின். 'பித்தப்பையை அசைப்பது' என்று பொருள். அது வந்து சேர்ந்ததும் பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் பீய்ச்சும்.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. செரிமான நீர் என்று பெயர் எடுத்தாலும், பித்தநீரில் கொழுப்பைச் செரிக்கும் நொதி எதுவும் கிடையாது. அது செய்வது வேறு வேலை. எண்ணெய் பிசுக்கேறிய வாணலியில் தண்ணீரை மட்டும் ஊற்றினால் எண்ணெய் தனியாக மிதக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தால் பொடித்துளிகளாக உடைந்து நீரோடு கலந்துவிடும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பித்தநீரில் உள்ள பித்த உப்புகளின் அமைப்பும் இதேதான். கொழுப்பை அவை நுண்துளிகளாக உடைத்துவிடுகின்றன. இதைப் பால்மமாக்கம் என்கிறோம். அதன் பிறகு கணையத்திலிருந்து வரும் நொதி அந்தத் துளிகளைச் செரிக்கிறது. வேலை முடிந்த பித்த உப்புகளை உடல் வீணாக்குவதில்லை. அவற்றில் பெரும்பகுதியைச் சிறுகுடலின் கடைப்பகுதி உறிஞ்சி, இரத்தத்தின் வழியே கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. இந்தச் சுற்றுப் பாதையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கசப்புக்குக் காரணமும் இந்தப் பித்த உப்புகள்தான். நிறத்துக்குக் காரணம் வேறு. இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அது சிதையும்போது அதிலிருந்த சிவப்புப் பொருள் முதலில் பிலிவெர்டின் என்னும் பச்சை நிறமியாகவும், பிறகு பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியாகவும் மாறுகிறது. அடிபட்ட இடம் நீலமாகக் கன்றி, சில நாளில் பச்சையாகி, அப்புறம் மஞ்சளாகி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்கடியில் நடப்பது இதே மாற்றம்தான். பிலிருபினைப் பித்தநீரில் கலந்து வெளியேற்றுவது கல்லீரலின் பொறுப்பு. மலத்தின் பழுப்பும் சிறுநீரின் மஞ்சளும் இதே நிறமியின் வழித்தோன்றல்கள்.

நிறம் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் 'பிலியஸ்' இன்றும் உவமையாகாமல் நேர்ப்பொருளில் வாழ்கிறது. பிறந்த குழந்தை 'பிலியஸ்' வாந்தி எடுத்தது என்று செவிலியர் சொன்னால் மருத்துவர் அதை அலட்சியம் செய்ய மாட்டார். பித்தக்குழாய் குடலில் திறக்கும் இடத்துக்குக் கீழே எங்கோ அடைப்பு இருந்தால், கீழே போக வழியில்லாத பித்தநீர் மேலே ஏறி வாந்தியில் வரும். குடல் தன்மீதே முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைபட்டதாலும் இப்படி நேரலாம். அப்படியானால் குடலைக் காப்பாற்றச் சில மணி நேரமே இருக்கும். இந்த வாந்தியின் நிறம் பச்சை. ஆனால் 2006இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் வண்ண அட்டை ஒன்றைக் காட்டி 'பித்த வாந்தி எந்த நிறத்தில் இருக்கும்' என்று கேட்டபோது, பெற்றோரில் மட்டுமல்ல, குடும்ப மருத்துவர்களிலும் பலர் மஞ்சளைத் தொட்டார்கள். புத்தகத்தில் பித்தம் மஞ்சள் என்று படித்த பழக்கம். கல்லீரலிலிருந்து புதிதாக வரும் பித்தநீர் பொன்மஞ்சள்தான். இரைப்பை அமிலத்தோடு சேர்ந்தால் அது பச்சையாகிவிடும். கைக்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்தக் கட்டுரையில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்க வேண்டாம்.

இனி குணத்துக்கு வருவோம்.

கிறிஸ்துவுக்கு முன் 400ஐ ஒட்டி, ஹிப்பாக்கிரட்டஸின் பள்ளியைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர்கள் மனித உடல் நான்கு நீர்மங்களால் ஆனது என்று எழுதினார்கள். இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். அறுநூறு ஆண்டு கழித்து ரோமாபுரியில் மருத்துவம் பார்த்த கேலன் அதை விரிவான அமைப்பாக்கினார். மஞ்சள் பித்தம் சூடும் வறட்சியும் உடையது, கோடையில் மிகும், மிகுந்தவர் முன்கோபி ஆவார். கரும்பித்தம் மிகுந்தவருக்குச் சோகம் பிடிக்கும். மெலன்கலி என்ற சொல்லுக்கே கரும்பித்தம் என்றுதான் அர்த்தம். இந்தக் கணக்கு ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு செல்லுபடியானது. வாதம், பித்தம், கபம் என்று பகுக்கும் நம் சித்த மருத்துவத்திலும் பித்தத்துக்குச் சூட்டோடு தொடர்பு உண்டு. ஆனால் தமிழில் பித்தம் தலைக்கேறினால் கிறுகிறுக்கும், இன்னும் ஏறினால் பித்துப் பிடிக்கும். சிவனையே பித்தன் என்று கொண்டாடியிருக்கிறோம். இந்தப் பக்கம் பித்தம் அறிவைக் கலக்கியது. அந்தப் பக்கம் முகத்தைச் சுளிக்க வைத்தது.

அத்தனை புத்திசாலிகள் ஆதாரமில்லாமலா இதை நம்பினார்கள்? ஆதாரம் கண்ணெதிரே இருந்திருக்கலாம் என்று 1921இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ராபின் ஃபோரேயஸ் சொன்னார். உங்கள் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஈஎஸ்ஆர் என்று ஒரு வரி இருக்குமே, சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாகக் கீழே படிகின்றன என்ற அளவு, அதன் பின்னணி ஆய்வுகளில் முக்கியமானவர் அவர். உடலிலிருந்து எடுத்த இரத்தத்தைக் கண்ணாடிக் குவளையில் ஆட்டாமல் வைத்துப் பாருங்கள் என்றார். அடியில் கறுத்த கட்டி உறையும். அதற்கு மேல் செந்நிறப் பகுதி. அதற்கும் மேல் வெளிறிய ஒரு படலம். எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் தெளிநீர். கரும்பித்தம், இரத்தம், சளி, மஞ்சள் பித்தம் நான்கும் ஒரே குவளையில் வரிசையாகத் தெரியும். காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தில் வெளிறிய படலம் தடித்துப்போகும். ஆக, நோய் வந்தால் நீர்மங்களின் விகிதம் மாறுகிறது என்ற முடிவுக்கும் கண்ணெதிரே சாட்சி. ஃபோரேயஸ் சொன்னது ஊகம்தான், அதை நிரூபிக்க வழியில்லை. இருந்தாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. பழையவர்களை முட்டாள்களாக்காமல் அவர்கள் தவறியிருக்கக்கூடிய இடத்தைக் காட்டுகிறது. பார்த்தது சரி, பார்த்ததற்குக் கொடுத்த விளக்கம் தப்பு. கரும்பித்தம் என்று ஒரு நீர் உடலில் எங்கும் இல்லை.

கோட்பாடு தப்பாக இருப்பதில் பெரிய ஆபத்தில்லை, அதை வைத்துச் சிகிச்சை செய்யாதவரை. எரிச்சலும் சோகமும் பித்தத்தால் வருகிறதென்றால் பித்தத்தை வெளியேற்று என்பதுதானே அடுத்த படி? அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இந்தக் கட்சி. அவர் பெயரால் விற்ற 'பிலியஸ்' மாத்திரைகளில் பாதரசக் குளோரைடும் ஜலாப் என்ற பேதி வேரும் இருந்தன. மேற்குக் கரைக்கு வழி காண 1800களின் தொடக்கத்தில் புறப்பட்ட லூயிஸ்–கிளார்க் பயணக் குழு 600 மாத்திரைகளை மூட்டை கட்டிக்கொண்டு போனது. அவர்கள் முகாமிட்ட இடங்களில் ஒன்றான மொண்டானாவின் டிராவலர்ஸ் ரெஸ்டில், இரண்டு நூற்றாண்டு கழித்துத் தோண்டிய தொல்லியலாளர்கள் கழிப்பறைக் குழியின் மண்ணில் பாதரசத்தைக் கண்டார்கள். மாத்திரை நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

கலோமல் என்று பெயர் பெற்ற அந்தப் பாதரச உப்பைத் தின்றவர்களுக்கு மலம் பச்சையாகப் போகும். 'பார், பித்தம் இறங்குகிறது' என்று மருத்துவர்கள் திருப்தி அடைந்தார்கள். உண்மையில் இறங்குகிறதா என்று அளந்து பார்க்க யாருக்கும் நெடுங்காலம் தோன்றவில்லை. 1860களின் கடைசியில் எடின்பரோவின் ஜான் ஹியூஸ் பென்னட் தலைமையில் ஒரு குழு அதைச் செய்தது. நாய்களின் பித்தக்குழாயை வெளியே திறந்துவிட்டு, பாதரசம் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் வழிந்த பித்தநீரை அளந்தார்கள். பாதரசத்தால் சுரப்பு கூடவே இல்லை. பச்சை மலத்தைப் பித்தத்தின் சாட்சியாக எடுத்துக்கொண்டது தப்பென்று ஆயிற்று.

இதற்குள் சேதம் நடந்துவிட்டது. ஆபிரகாம் லிங்கன் சோர்வுக்கும் மனச்சோகத்துக்கும் 'நீல மாத்திரை' சாப்பிட்டு வந்தார். கல்லீரல் மந்தத்துக்கு என்று அன்று எல்லோரும் விழுங்கிய மாத்திரை அது. பாதரசத்தைத் தேனோடும் ரோஜா இதழோடும் சேர்த்து அரைத்தது. குடியரசுத் தலைவரான சில மாதங்களில், அது தன்னைச் சிடுசிடுக்க வைக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டதாக அவர் நண்பர் ஒருவரின் நினைவுக்குறிப்பு இருக்கிறது. 2001இல் நார்பர்ட் ஹிர்ஷ்ஹார்னும் உடனிருந்த ஆய்வாளர்களும் 19ஆம் நூற்றாண்டுச் செய்முறைப்படி அந்த மாத்திரையை உரலில் இடித்துத் தயாரித்துச் சோதித்தார்கள். உடலுக்குள் போகக்கூடிய பாதரசம் இன்றைய பாதுகாப்பு எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது. பாதரச நஞ்சின் அறிகுறிகளில் ஒன்று காரணமில்லாத எரிச்சலும் வெடித்துக் கோபப்படுவதும். லிங்கன் குடியரசுத் தலைவராவதற்கு முன் காட்டிய கோபங்களுக்கும், போர்க்காலத்தில் காட்டிய பொறுமைக்கும் இதுவே விளக்கமாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஒரு மனிதரின் குணம் முழுவதையும் ஒரு மாத்திரையின் கணக்கில் எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் எரிச்சலை நீக்கக் கொடுத்த மருந்தே எரிச்சலை உண்டாக்கும் நஞ்சு என்பதில் சந்தேகமே இல்லை.

அப்படியானால் பித்தத்துக்கும் கோபத்துக்கும் ஒட்டு உறவே இல்லையா? உண்டு. ஆனால் அம்பு எதிர்ப்பக்கமாகப் பாய்கிறது.

1822 ஜூன் 6 அன்று, அமெரிக்க–கனடா எல்லையை ஒட்டிய மேக்கினாக் தீவில் அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்ற இளம் படகுத் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கி தவறுதலாகச் சுட்டது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்க வைத்தார். காயம் ஆறியது, ஆனால் ஓட்டை மூடவில்லை. இரைப்பைக்குள் நேராகப் பார்க்க ஒரு சன்னல் கிடைத்தது. பல ஆண்டுகளில் போமான்ட் அதன் வழியே செய்த சோதனைகள் 238. நூல் கட்டிய இறைச்சித் துண்டுகளை உள்ளே விட்டு இழுத்துப் பார்ப்பதும், நீரை உறிஞ்சி எடுப்பதுமாக அவை போயின. சாதாரணமாக இரைப்பையில் பித்தநீர் இருப்பதில்லை என்று 1833இல் வெளியான நூலில் அவர் பதிவு செய்தார். ஒரு நாள் இருந்தது. அன்று செயின்ட் மார்ட்டின் கடுங்கோபத்தில் இருந்தார். பித்தம் மேலே ஏறியதற்கு அந்தக் கோபமே காரணம் என்று போமான்ட் கருதினார்.

அந்த மனிதருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. ஏழைத் தொழிலாளி, வீட்டைவிட்டு வெகுதூரம், வயிற்றில் ஒருவர் நூல் விட்டு இழுத்துக்கொண்டே இருக்கிறார். நடுவில் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார், பிறகு திரும்பி வந்தார். மருத்துவரைவிட நெடுநாள் வாழ்ந்து 1880இல் இறந்தபோது, யாரும் உடலை அறுத்து ஆராய்ந்துவிடக்கூடாது என்று குடும்பத்தார் உடல் அழுகும்வரை வைத்திருந்துவிட்டுத்தான் புதைத்தார்கள்.

ஒரே ஆளிடம் ஒரு நாள் கண்டதை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் வேறு திசையிலிருந்து துணை வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எக்ஸ்ரே புதிதாகக் கிடைத்தபோது, ஹார்வர்டு மாணவர் வால்ட்டர் கேனன் பூனைக்குப் பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து இரைப்பையின் அலையசைவைத் திரையில் பார்த்தார். பூனை சாந்தமாக இருக்கும்வரை அலைகள் ஒழுங்காக வந்தன. அது எரிச்சலுற்றதும் அலைகள் நின்றுபோயின. தடவிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினால் மீண்டும் தொடங்கின. கோபம் வயிற்றின் ஒழுங்கைக் குலைக்கிறது, கீழே போக வேண்டியது மேலே வரலாம். கோபக்காரருக்கு வாய் கசக்கிறது, வயிறு புரட்டுகிறது என்று நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கவனித்தவர்கள் எதைக் காரணம், எதை விளைவு என்று மட்டும் மாற்றி எழுதிவிட்டார்கள்.

பித்தப்பையை எடுத்துவிட்டால் ஆள் சாந்தமாகிவிடுவாரா என்று கேட்கலாம். 1882இல் பெர்லினின் லாசரஸ் மருத்துவமனையில் கார்ல் லாங்கன்புக் முதல்முறையாக அந்தப் பையை வெட்டி எடுத்தார். இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அதை இழக்கிறார்கள். யாரும் குணம் மாறித் திரும்புவதில்லை. ஆறிய பிறகு பழையபடி சண்டை போடுகிறார்கள். ஆனால் இதை முழுச் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. கிடங்கு போனாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது; அது நேராகக் குடலில் சொட்டுகிறது.

பித்தநீரை விட்டுவிட்டு அதன் சுவையைப் பிடித்தால் வேறொரு தடம் கிடைக்கிறது. கசப்பை அறிய நாக்கில் தனி ஏற்பிப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் மரபணுக் குடும்பம் 2000இல் அடையாளம் காணப்பட்டது. இனிப்புக்கு ஒரு வகை ஏற்பி போதும். கசப்புக்கு மனிதனிடம் சுமார் 25 வகை. தாவரங்கள் தயாரிக்கும் நஞ்சுகளில் பல கசப்பானவை, வேதியியல் அமைப்பில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. எல்லாவற்றையும் பிடிக்கப் பல காவலர்கள் வேண்டியிருக்கிறது. கசப்பு என்பது அடிப்படையில் 'துப்பு' என்ற உத்தரவு. 1970களில் எருசலேமில் யாக்கோப் ஸ்டைனர், இன்னும் முதல் பால்கூடக் குடிக்காத சிசுக்களின் நாவில் கசப்புச் சொட்டு வைத்துப் பார்த்தார். வாய் விரிந்தது, நாக்கு வெளியே தள்ளியது, முகம் சுளித்தது. மேல்மூளை உருவாகாமல் பிறந்த சிசுக்களும் அதே முகத்தைக் காட்டின. இது யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. மூளைத்தண்டில் எழுதியே வருகிறது.

அந்த முகம் வேறு எங்கெல்லாம் வருகிறது? டொராண்டோவில் ஹனா சாப்மனும் சகாக்களும் 2009இல் மேலுதட்டை உயர்த்தும் தசையின் மேல் மின்முனைகளை ஒட்டிச் சோதித்தார்கள். மூக்கைச் சுருக்கி உதட்டைத் தூக்கும் தசை அது. முதலில் கசப்பான நீர் கொடுத்தார்கள், தசை இயங்கியது. அருவருப்பான படங்களைக் காட்டினார்கள், இயங்கியது. மூன்றாவதாக ஒரு விளையாட்டு. பத்து டாலரை இருவர் பங்கிட வேண்டும். ஒருவர் பங்கு சொல்வார், மற்றவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு ஒன்பது, உனக்கு ஒன்று என்ற அநியாயப் பங்கீடு வந்தபோது அதே தசை இயங்கியது. அநியாயம் கூடக் கூட அதிகமாக இயங்கியது. நஞ்சைத் துப்ப அமைந்த முகம், ஏமாற்றப்பட்டதற்கும் பயன்படுகிறது. அநியாயத்தைக் கசப்பு என்று சொல்வதற்குப் பித்தப்பை தேவையில்லை, முகத்தசையே போதும்.

இந்த இடத்தில் ஆர்வம் எல்லை தாண்டியது. அநியாயம் கசக்கும் என்றால், கசப்பைக் குடித்தால் நாம் கடுமையாவோமா? நியூயார்க்கில் கெண்டல் எஸ்கினும் சகாக்களும் 2011இல் சிலருக்குக் கசப்பு மூலிகைச் சாறும், சிலருக்கு இனிப்புப் பானமும், சிலருக்குத் தண்ணீரும் கொடுத்து, பிறர் செய்த தவறுகளை மதிப்பிடச் சொன்னார்கள். கசப்புக் குடித்தவர்கள் அதிகக் கடுமையாகத் தீர்ப்புச் சொன்னதாக முடிவு வந்தது. செய்தித்தாள்கள் விடுமா? ஆனால் சோதனையில் கலந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர். பிறகு 11 ஆய்வுகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அதையே திருப்பிச் செய்து 2020இல் வெளியிட்டபோது அந்த விளைவு ஏறத்தாழக் காணாமல் போனது. இங்கும் அம்பு ஒரு பக்கம்தான் பாய்கிறது. பாகற்காய் தின்பவர்களும் நிலவேம்புக் கஷாயம் குடிப்பவர்களும் தங்கள் சுபாவத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் பழைய மருத்துவர்களின் அம்பு அவர்கள் சொன்ன திசையிலேயே பாய்கிறது. பித்தக்குழாயில் அடைப்போ கல்லீரலில் பழுதோ ஏற்பட்டுப் பித்தநீர் குடலுக்குப் போகாமல் தேங்கினால், அதன் பொருட்கள் இரத்தத்தில் கலந்துவிடும். இதைப் பித்தத்தேக்கம் என்கிறோம். கண் மஞ்சளாவது எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் கொடுமை அரிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி உடம்பெங்கும் பரவும், இரவில் கூடும், எவ்வளவு சொறிந்தாலும் அடங்காது. தூக்கம் கெட்டு, தோல் கிழிந்து, நோயாளி யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவார். சிலருக்கு அரிப்பைப் பொறுக்க முடியாமலேயே கல்லீரல் மாற்று அறுவை செய்ய வேண்டி வந்திருக்கிறது. இவரை 'பிலியஸ்' என்றால் சொல்லின் இரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்தும்.

இதில் பித்தத்துக்குப் பங்கு உண்டு என்று எப்படித் தெரியும்? பிறவியிலேயே பித்தத்தேக்கம் உள்ள குழந்தைகளுக்கு 1980களில் ஓர் அறுவை முறை வந்தது. பித்தநீரில் ஒரு பகுதியைக் குடலுக்கு அனுப்பாமல், வயிற்றில் துளையிட்டு வெளியே பையில் வடித்துவிட்டார்கள். குடலிலிருந்து கல்லீரலுக்குத் திரும்பும் சுற்றுப் பாதை அப்படி முறிந்தது. பலருக்கு அரிப்பு தணிந்தது. 2019இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், தோலிலிருந்து செய்தி கொண்டுபோகும் மனித நரம்பணுக்களில் பித்த அமிலங்களால் தூண்டப்படும் ஓர் ஏற்பியைக் கண்டன. தன்னார்வலர்களின் தோலுக்குள் பித்த அமிலத்தைச் சிறிது செலுத்தியபோது அந்த இடம் அரித்தது. வழக்கு இதோடு முடியவில்லை. இரத்தத்தில் பித்த அமிலம் எவ்வளவு கூடியிருக்கிறதோ அதே அளவில் அரிப்பும் கூடுவதில்லை. லைசோபாஸ்ஃபடிடிக் அமிலம் என்ற வேறொரு பொருளைக் குற்றவாளியாகச் சுட்டுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமும் நல்ல தரவு உண்டு.

மருந்து அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. சிறுகுடலின் கடைப்பகுதியில் பித்த உப்புகளை உறிஞ்சித் திருப்பி அனுப்பும் புரதத்தை மட்டும் தடுக்கும் இரண்டு மருந்துகள், ஓடெவிக்சிபாட், மராலிக்சிபாட், 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. திரும்பி வராத பித்த உப்பு மலத்தோடு போய்விடுகிறது. பையும் துளையும் இல்லாமலே பல குழந்தைகளின் அரிப்பு குறைகிறது. பக்கவிளைவாகப் பேதி ஆகிறது. விலையோ சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. பித்தத்தை வெளியேற்று என்று ரஷ் சொன்ன வைத்தியம்தான் இதுவும். ஆனால் இந்த முறை, வெளியேறுவது எது, எவ்வளவு என்று அளந்து பார்த்துக் கொடுக்கிறார்கள்.